‘கிராம் நெகட்டிவ்’ என்று வந்திருக்கிறது, ரத்தத்தில் கலந்துவிடுமா?

சிறுநீர் எரிச்சலுக்காக எடுத்த சிறுநீர்ப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நீங்கள் எழுதிய கடிதத்தில் பத்துக் கேள்விகள் இருந்தாலும் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது கடைசி வரிதான்: “இந்தக் கிருமி ரத்தத்தில் கலந்துவிடுமா டாக்டர்?” சிறுநீர்ப்பையோடு நிற்கும்வரை பயமில்லை. சிறுநீரகத்துக்கு ஏறினால் கலக்கலாம். அது ஏறுகிறதா என்பதை ரிப்போர்ட்டைவிட உங்கள் உடம்புதான் முதலில் சொல்லும்.

கிராம் நெகட்டிவ் என்பது சாயத்தின் கணக்கு. டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-இல் வெளியிட்ட முறை. கண்ணாடித் தகட்டில் கிருமிக்கு ஊதாச் சாயம் ஏற்றி ஆல்கஹாலால் கழுவினால், தடித்த சுவர் உள்ள பாக்டீரியா ஊதாவை விடாது. மெல்லிய சுவர் உள்ளது விட்டுவிடும். அப்புறம் ஏற்றும் சிவப்பில் இளஞ்சிவப்பாகத் தெரியும். உங்களுக்கு வந்திருக்கும் ஈ. கோலை என்ற பாக்டீரியா இளஞ்சிவப்பு. இணையத்தில் அதற்கு மேல் என்ன படித்திருந்தாலும் மறந்துவிடுங்கள்.

ரிப்போர்ட்டில் கிருமிகளின் எண்ணிக்கை ‘ஒரு லட்சத்துக்கு மேல்’ என்று இருப்பதும் நோய் முற்றியதன் அளவு இல்லை. 37 டிகிரியில் நல்ல ஊட்டம் கிடைத்தால் ஈ. கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிளக்கும். ஒன்றே ஒன்று ஏழு மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். எரிச்சலுக்கு இந்தக் கிருமிதான் காரணம் என்று உறுதி செய்ய அந்த எண் உதவுகிறது, அவ்வளவுதான். போனையும் தலையணை உறையையும் கிருமிநாசினியால் துடைப்பதை நிறுத்துங்கள். இது வெளியிலிருந்து வந்ததில்லை, பெரும்பாலும் உங்கள் குடலில் எப்போதும் இருப்பதுதான்.

இப்போது கவனமாகப் படியுங்கள். இந்த வகை பாக்டீரியாவின் மெல்லிய சுவருக்கு வெளியே இன்னொரு உறை உண்டு. அதில் இருக்கும் நச்சு ரத்தத்தில் கலந்தால், கட்டில் ஆடும் அளவுக்குக் குளிர் நடுக்கம் வந்து காய்ச்சல் ஏறும். கூடவே முதுகில், விலா எலும்புக்குக் கீழே ஒரு பக்கமாக வலி, வாந்தி. அப்படி வந்தால் போர்வையைப் போர்த்திக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடு இரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் திடீர் மனக்குழப்பம் மட்டும் வரலாம், அதுவும் இதே அவசரம்தான்.

எனக்குக் கோபம் வந்தது ஓரிடத்தில். கணவருக்கு எப்போதோ கொடுத்த மாத்திரையில் மிச்சமிருந்ததை இரண்டு நாள் சாப்பிட்டு, எரிச்சல் குறைந்ததும் நிறுத்தியிருக்கிறீர்கள். முதலில் சாவது எளிதில் சாகக்கூடிய கிருமிகள். தாக்குப்பிடிக்கும் சிலது மிஞ்சிப் பெருகும். எதிர்ப்பு மரபணுவைப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுத்துவிடும். ரிப்போர்ட்டில் மூன்று மருந்துகளுக்கு எதிரே ‘ஆர்’, அதாவது அந்த மருந்துக்குக் கிருமி சாகாது, என்று இருப்பது உங்கள் இரண்டு நாளால்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் இனி ஒரு மாத்திரைகூட அப்படி வேண்டாம். மற்ற மருந்துகளுக்கு ‘எஸ்’ இருக்கிறது, அவை வேலை செய்யும். அதில் எது, எத்தனை நாள் என்பதை உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நடுக்கம் எதுவும் இல்லையென்றால் நாளைக் காலையே போங்கள். ரிப்போர்ட்டோடு அந்த மாத்திரை அட்டையையும் எடுத்துப் போய், எத்தனை வேளை சாப்பிட்டீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள்.