எங்கள் குழு மென்பொருளின் புதிய பதிப்பை மாதம் ஒரு முறை, சனிக்கிழமை இரவில் ரிலீஸ் செய்கிறது. டெவ்ஆப்ஸுக்கு (கோட் எழுதுபவர்களும் சர்வர் பார்ப்பவர்களும் சேர்ந்து, ரிலீஸ் வேலையைத் தானியங்கியாக்கும் முறை) மாறச் சொல்கிறார்கள். எந்த டூலில் தொடங்கலாம்?

'சனிக்கிழமை இரவு' என்று படித்ததுமே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். உங்கள் நிலைமையை ஓரளவு ஊகிக்க முடிகிறது. ஒரு எக்செல் ஷீட், அதில் நாற்பது ஐம்பது படிகள், அதை முழுதாகப் புரிந்தவர் ஒரே ஒருவர், அவர் லீவு போட்டால் ரிலீஸ் தள்ளிப்போகும். மேலே யாரோ ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்து "நாமும் டெவ்ஆப்ஸ் செய்வோம்" என்றிருப்பார். இப்போது உங்களிடம் டூல் பட்டியல் கேட்கிறார்கள். ஊகம் தவறென்றால் மன்னிக்கவும்.

டூலுக்கு ஒரு வரி போதும்: ரிலீஸ் படிகளைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸோ கிட்லேபோ, உங்கள் நிறுவனம் ஏற்கெனவே எதற்குப் பணம் கட்டுகிறதோ அதிலேயே தொடங்குங்கள். எங்களுக்கு வலித்த இடம் டூல் இல்லை.

2016 தொடக்கம். சிங்கப்பூரில், சாங்கி பிசினஸ் பார்க்கில் ஒரு அலுவலகம். காப்புறுதி முகவர்கள் பிரீமியம் கணக்குப் போடும் தளம் ஒன்றைப் பராமரித்தோம். கோட் எழுதுபவர்கள் சென்னையில். சர்வர் பக்கம் இங்கே நானும், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடும் ஒரு மூத்தவரும். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை இரவு 11 மணிக்கு ஆரம்பித்தால் முடிக்க விடிகாலை நாலாகும். அந்நேரத்துக்கு எம்ஆர்டி ரயில் கிடையாது. நள்ளிரவுக்கு மேல் டாக்சிக்கு மீட்டரோடு பாதி கூடுதல். அந்த ரசீதைக் கொடுத்தால் கணக்குப் பிரிவில் "மை மங்கிவிட்டது, படிக்க முடியவில்லை" என்று திருப்பி அனுப்புவார்கள். சரி, அது வேறு கதை.

நான்கு சர்வர், 52 படிகள். 38ஆவது படி, புதிய ஃபைல்களை நாலாவது சர்வருக்கு நகல் எடுப்பது. நான் அவசரத்தில் டிக் போட்டுவிட்டுத்தான் நகலை ஆரம்பித்தேன். நடுவில் விபிஎன் (சர்வருக்குப் போகும் பாதுகாப்பான இணைப்பு) அறுந்தது. மறுபடி இணைந்ததும் ஷீட்டைப் பார்த்தேன், 38இல் பச்சை டிக் இருந்தது, 39க்குப் போய்விட்டேன். யாரையும் குறை சொல்ல வழியில்லை, என் கை செய்த வேலை.

திங்கள் காலை 9 மணிக்கு முகவர்களிடமிருந்து ஃபோன். அதே வாடிக்கையாளர், அதே வயது, ஒரு முறை 412 வெள்ளி காட்டுகிறது, திரும்ப ஏற்றினால் 389. நாங்கள் பார்த்தால் சரியாக இருக்கிறது. சென்னையில் பார்த்தாலும் சரியாக இருக்கிறது. கோடில் பிழை என்று நாங்கள், சர்வரில் பிழை என்று அவர்கள், ஐந்து மணி நேரம் போனது. வருகிறவர்களைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சர் நாலில் ஒரு பங்கு ஆட்களைத்தான் பழைய சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கடைசியில் அண்ணன் ஒவ்வொரு சர்வராக உள்ளே போய் ஃபைல் தேதிகளைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "தம்பி, நாலாவது மெஷின் இன்னும் போன மாசத்துலேயே இருக்கு."

நைட் கேபிடல் கதையைப் பிறகுதான் படித்தேன். 2012 ஆகஸ்ட் 1ஆம் தேதி. அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம், எட்டு சர்வரில் ஏழுக்கு மட்டும் புதிய கோட் போயிருந்தது. எட்டாவதில் பல வருடமாகத் தூங்கிக்கிடந்த பழைய கோட் விழித்துக்கொண்டு கண்டபடி ஆர்டர் போட, 45 நிமிடத்தில் 44 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் நஷ்டம். எட்டாவதை விட்டவரின் வேலையை இரண்டாவது ஆள் யாரும் சரிபார்க்கவில்லை. படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ரிலீஸ் படிகளைத் தானாக ஓடும் ஸ்கிரிப்டாக மாற்றலாம் என்று அண்ணனிடம் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். மூன்று வாரம் அதே பதில். அவருக்கு அப்போது 58 வயது. தலையில் இருப்பதையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டால் அப்புறம் தன்னை எதற்கு வைத்திருப்பார்கள் என்ற கேள்வி அவர் வாயில் வரவில்லை, முகத்தில் இருந்தது. டெவ்ஆப்ஸ் பற்றிப் பேசுகிறவர்கள் 'கலாசார மாற்றம்' என்று ஸ்லைடில் போடுவார்கள் இல்லையா, நான் பார்த்தது இந்த முகத்தைத்தான்.

கடைசியில் சிமெய் காப்பிக்கடையில், கோப்பி ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத காப்பி) ஆறிக்கொண்டிருக்க, ஷீட்டை விரித்து ஒவ்வொரு படியும் ஏன் என்று கேட்டேன். 29ஆவது படியில் 'ஒன்றரை நிமிடம் பொறு' என்றிருக்கும். ஏதோ பழைய மூடநம்பிக்கை என்று நினைத்திருந்தேன். "அந்த சர்வீஸ் நின்னுட்டேன்னு சொல்லும், ஆனா நிக்காது. போர்ட்டை விடுறதுக்கு அவ்வளவு நேரம் ஆகும். அதுக்குள்ள எழுப்பினா பாதி உயிரோட எழுந்திருக்கும்" என்றார். 52 படிகளில் இப்படி ஒன்பதோ பத்தோ இருந்தன. எந்த டூலை வாங்கியிருந்தாலும் இவை அதற்குள் வந்திருக்காது. ஸ்கிரிப்டின் பொறுப்பாளர் என்று அவர் பெயரையே போட்டோம். அதன் பிறகு என்னைவிட அவர்தான் அதிகம் திருத்தினார்.

முதல் ஒன்பது மாதம் ப்ரொடக்ஷனை, அதாவது முகவர்கள் பயன்படுத்தும் நிஜ சர்வர்களை, ஸ்கிரிப்ட் தொடவில்லை. யூஏடி எனும் சோதனைச் சூழலில் மட்டும் ஓட்டினோம், உடைந்தது, திருத்தினோம். யூஏடிக்கு ஒரு பில்ட் (கோடிலிருந்து தயாரித்த நிறுவல் தொகுப்பு), ப்ரொடக்ஷனுக்கு இன்னொரு பில்ட் என்ற வழக்கத்தை நிறுத்தி, சோதித்த அதே பில்டை அப்படியே அனுப்பினோம், சூழலுக்குச் சூழல் மாறும் அமைப்புகள் (கான்ஃபிக்) மட்டும் வெளியே. முடிவில் ஸ்கிரிப்ட் நான்கு சர்வரிடமும் வெர்ஷன் எண்ணைக் கேட்கும், ஒன்று மாறினாலும் சிவப்பு. பழைய வெர்ஷனை அழிக்காமல் பக்கத்து ஃபோல்டரில் விட்டதால் ரோல்பேக், அதாவது பழையதற்குத் திரும்புவது, இரண்டு நிமிட வேலையானது.

உயிரை வாங்கியது டேட்டாபேஸ்தான். கோடைப் பின்வாங்கலாம், டேபிளிலிருந்து நீக்கிய ஃபீல்டு திரும்பி வராது. அதனால் புதிய ஃபீல்டை இந்த ரிலீஸில் சேர்ப்பது, கொஞ்ச காலம் இரண்டிலும் எழுதுவது, பழையதை இரண்டு ரிலீஸ் கழித்து எடுப்பது என்று வைத்துக்கொண்டோம். சென்னையில் முணுமுணுத்தார்கள். நியாயம்தான், அவர்களுக்கு வேலை இரட்டிப்பு.

"நிதித்துறையில் ஆடிட்டர் விடமாட்டார், சிங்கப்பூர் நாணய ஆணைய விதி இருக்கிறது" என்று யாராவது சொல்வார்கள். (இங்கே வங்கி, காப்புறுதி நிறுவனங்களைக் கண்காணிப்பது அந்த ஆணையம்தான்.) விதி இருக்கிறது. முக்கிய அமைப்பு ஒன்றின் திட்டமிடாத முடக்கம் 12 மாதத்தில் மொத்தம் 4 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, பெரிய சம்பவம் தெரியவந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும். எங்கள் தளம் அந்தப் பட்டியலில் இல்லாததால் அந்தத் திங்கட்கிழமை தப்பித்தோம். ஆனால் புதிய கோடைத் தானாகச் சர்வரில் ஏற்றாதே (டிப்ளாய் செய்யாதே) என்று எந்த விதியிலும் நான் படித்ததில்லை. எழுதியவரே தன் கோடுக்கு ஒப்புதல் தரக் கூடாது என்று பைப்லைனில் (ரிலீஸைத் தானாக ஓட்டும் தொடரில்) பூட்டுப் போட்டோம், பொத்தானை இன்னொருவர் அழுத்துவார், யார் எப்போது என்பது பதிவாகும். முன்பு வேர்டில் ஸ்கிரீன்ஷாட் ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அந்த ஆடிட்டர் எங்களைவிடச் சந்தோஷப்பட்டார்.

இப்போது வாரம் ஒரு ரிலீஸ், புதன்கிழமை மதியம், அரை மணி நேரம். படப் பகிர்வுத் தளமான ஃபிளிக்கரின் ஆட்கள் 2009லேயே ஒரு நாளைக்குப் பத்து முறைக்கு மேல் ரிலீஸ் என்று மேடையில் சொன்னவர்கள், அதனால் இது பெருமையே இல்லை என்பீர்கள். நிறைய சர்வர்களில் மென்பொருளை ஓட்டி நிர்வகிக்கும் குபர்னெட்டிஸ் எங்கே என்பீர்கள். பதினோரு பேர், நான்கு சர்வர், அவ்வளவுதான் நாங்கள். பெரிய வங்கியில் இருப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

கேள்விக்குத் தொடர்பில்லாதது ஒன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. வருடக் கடைசிக்கு ரிலீஸ் நிறுத்தம் உண்டு, சீனப் புத்தாண்டுக்கு உண்டு. தீபாவளிக்கு? 2016இல் தீபாவளியே அக்டோபர் 29, மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. ஸ்கிரிப்ட் அப்போது யூஏடியைத் தாண்டவில்லை. ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், இரவு 11 மணிக்கு 52 படிகளோடு உட்கார்ந்தேன். இதை இனப் பிரச்சினை ஆக்காதீர்கள், எங்கள் மேலாளர் நல்ல மனிதர். காலண்டரில் அந்த நாளுக்கு நிறம் அடிக்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் வாய் வரவில்லை.

உங்கள் ஷீட்டில் எத்தனை படி, அதில் எத்தனைக்கு 'ஏன்' தெரியும் என்று எண்ணிப் பார்த்துக் கீழே எழுதுங்கள், முடிந்ததைச் சொல்கிறேன். தீபாவளியன்று மட்டும் பதில் வராது.