தஞ்சையில் செங்கொடி: சாதியா, கூலியா?

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் செங்கொடிதான். கல்லூரி நண்பர்களிடம் பேசும்போது ஒரு குற்றச்சாட்டு அடிக்கடி வருகிறது. கம்யூனிஸ்டுகள் வர்க்கம், வர்க்கம் என்று சொல்லியே சாதியை மறைத்துவிட்டார்கள், கீழ்வெண்மணியைக்கூட அரைப்படி நெல்லுக்கான கூலித் தகராறு என்று சுருக்கிவிட்டார்கள் என்கிறார்கள். தாத்தாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அவரிடம் கேட்டால், "சங்கம் வரலைன்னா எங்கப்பா தோளில் துண்டு போட்டிருக்க மாட்டார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். இரண்டில் எது சரி? 1964இல் கட்சி உடையாமல் இருந்திருந்தால் தஞ்சையின் கதை வேறாக இருந்திருக்குமா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தோளில் துண்டு போடுவது கூலிப் பிரச்சினை இல்லை. அதையும் சங்கத்தின் கணக்கில்தான் உங்கள் தாத்தா சேர்க்கிறார். சங்கத்தின் தொடக்க காலத்தைப் பார்த்தால் அவர் பக்கம் நியாயம் இருப்பது தெரியும். உங்கள் நண்பர்களின் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் அது பொருந்துவது பிற்காலத்துக்கு.

பி. சீனிவாசராவ் கட்சி வேலைக்காகத் தஞ்சைக்கு வந்தது 1943இல். கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர், பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். மன்னார்குடிப் பக்கம் தென்பரையில் விவசாயிகள் சங்கம் அமைந்தது அந்த ஆண்டுதான். அன்று டெல்டாவின் நிலம் பெரும்பாலும் மிராசுதார்கள் என்ற பெரிய நிலவுடைமையாளர்கள், கோயில்கள், மடங்கள் கையில் இருந்தது. நிலத்தில் உழைத்த பண்ணையாட்கள் ஏறக்குறைய எல்லோருமே பள்ளர், பறையர் சாதிகளைச் சேர்ந்தவர்கள். கல்யாணத்துக்குப் பண்ணையில் வாங்கிய கடன் ஒருவரை ஆயுள் முழுக்கக் கட்டிப்போடும். குடியிருக்கும் குடிசையின் மனைகூட மிராசுதாருடையது. வேலைக்குத் தாமதமாக வந்தால் சவுக்கடி. அதோடு சாணியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைப்பார்கள். அதற்குச் சாணிப்பால் என்று பெயர்.

சங்கம் முதலில் கை வைத்தது இந்தச் சவுக்கிலும் சாணிப்பாலிலும்தான். அடித்தால் திருப்பி அடி என்று சீனிவாசராவ் சேரி சேரியாகப் போய்ச் சொன்னதை அந்தப் பக்கத்தில் இன்றும் நினைவு வைத்திருக்கிறார்கள். 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் இந்த இரண்டு கொடுமைகளும் நிற்க வேண்டும் என்பதும் இருந்தது, விளைச்சலில் பண்ணையாளுக்கு எவ்வளவு பங்கு என்பதும் இருந்தது. ஒரே காகிதத்தில் இரண்டும்! சாதியை ஒரு பக்கமும் கூலியை மறுபக்கமும் வைத்துப் பார்ப்பது நமக்கு இன்று பழகிவிட்டது. சாணிப்பால் குடித்தவருக்கு அந்தப் பிரிவினை தெரியாது. அடித்த கைதான் நெல்லையும் அளந்தது.

இதற்குக் கொடுத்த விலை பெரியது. கட்சி மீது அடக்குமுறை நடந்த காலத்தில், 1948இல், சங்கத் தலைவர் களப்பால் குப்பு சிறையில் இறந்தார். சங்கத்தின் வாட்டாக்குடி இரணியனும் சாம்பவானோடை சிவராமனும் 1950 மே மாதம் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். கட்சி மீதிருந்த தடை போன பிறகு 1952 தேர்தலில் சென்னை மாகாணத்தில் கம்யூனிஸ்டுகளுக்கு 62 இடங்கள் கிடைத்தன. தலைமறைவாக இருந்தபடியே தஞ்சைக் கம்யூனிஸ்ட் தலைவர் மணலி கந்தசாமி ஜெயித்தார். அதே ஆண்டு ராஜாஜி அரசு தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ராஜாஜிக்குக் கம்யூனிஸ்டுகள் மேல் எவ்வளவு வெறுப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். அவரையே அந்தச் சட்டம் போட வைத்தது வயலில் இருந்த சங்கம்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சிக்கல் தொடங்கியதும் அந்த வெற்றியில்தான். இதைத்தான் நாம் போதுமான அளவு பேசவில்லை என்று நினைக்கிறேன்.

சங்கத்தில் இரண்டு வகையான ஆட்கள் இருந்தார்கள். ஒருவர் குத்தகைதாரர், இவர்களில் பெரும்பாலோர் இடைநிலைச் சாதியினர். இன்னொருவர் பண்ணையாள், தலித். மிராசுதார் இருவருக்கும் பொது எதிரி என்பதால் சேர்ந்து நின்றார்கள். 1952 சட்டம் குத்தகைதாரரை வெளியேற்ற முடியாமல் செய்தது. 1956இல் வந்த நியாய வாரச் (குத்தகை) சட்டம் நஞ்சையில் விளைச்சலில் 60 சதவீதத்தை அவருக்குக் கொடுத்தது. சட்டம் சொன்னது முழுக்கக் கைக்கு வந்ததா என்பது வேறு விஷயம். ஆனாலும் அவர் காலூன்றிவிட்டார். அப்புறம் அவரும் அறுவடைக்கு ஆள் வைத்துக் கூலி கொடுப்பவராக ஆனார். அவர்களில் நிறையப் பேர் திமுக பக்கம் போனார்கள்.

பண்ணையாளுக்கு என்ன ஆனது? பாதுகாப்புக் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று மிராசுதார்கள் பண்ணையாட்களை நிறுத்திவிட்டு தினக்கூலிக்கு ஆள் பிடித்தார்கள். அடிமைத்தனம் போனது, வேலை நிச்சயமும் சேர்ந்து போனது. 1961இல் நில உச்சவரம்புச் சட்டத்தின் ஓட்டைகளை எதிர்த்துச் சங்கம் பெரிய மறியல் நடத்தியது. அந்தப் போராட்டத்தின் சூட்டிலேயே, செப்டம்பர் மாதம், சீனிவாசராவ் இறந்துபோனார். நிலம் கைக்கு வரவில்லை. அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் வந்து குறுவை பெருகி, நெல்லில் நல்ல காசு புரண்டபோது, அதில் பங்கு கேட்க மிஞ்சியிருந்தவர்கள் பெரும்பாலும் சேரி ஆட்கள் மட்டும்தான்.

கீழ்வெண்மணியின் 1968 டிசம்பர் 25 இரவை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கூலி உயர்வு ஒரு கோரிக்கை. மிராசுதார்கள் வைத்த நெல் உற்பத்தியாளர் சங்கமோ, செங்கொடியை இறக்கிவிட்டுத் தங்கள் சங்கத்தில் சேரச் சொன்னது. வெண்மணி மறுத்தது. பூட்டிய ஒரே குடிசையில் 44 பேரை எரித்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். செங்கொடி பிடித்தவர்களில் பிற சாதியினரும் இருந்தார்கள், ஆனால் எரிந்தது சேரி. நாகப்பட்டினம் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. இவ்வளவு நிலமும் வசதியும் உள்ளவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது அந்தத் தீர்ப்பில் சொல்லப்பட்ட ஒரு காரணம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு பதறும்.

ஆகவே அரைப்படி நெல் என்று மட்டும் சொல்வது தவறு. கட்சி மேடைகளில் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லப்பட்டது என்பதும் உண்மை. சாதியைப் பேசினால் வர்க்கம் பிளக்கும் என்ற பயம் இருந்தது. வர்க்கம் ஏற்கெனவே சாதிவாரியாகப் பிளந்துவிட்டதைப் பார்க்க அந்தப் பயம் விடவில்லை. சவுக்கடியையும் கூலியையும் ஒரே ஒப்பந்தத்தில் எழுதிய கட்சிக்கு இது தெரியாத பாடம் இல்லை. மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் தலித்துகளைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி, மார்க்சிஸ்ட் கட்சி முன்னின்று போராடி, உடைக்கப்பட்டது 2008இல், வெண்மணி நடந்து நாற்பது ஆண்டுகள் ஓடிய பிறகு. 1964இல் தொடங்கிய அந்தக் கட்சியின் அரசியல் தலைமைக் குழுவில் முதல் தலித் உறுப்பினராக ராமச்சந்திர டோம் வந்தது 2022இல். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு தலித்தான டி. ராஜா பொதுச் செயலாளர் ஆனது 2019இல். உங்கள் நண்பர்கள் கோபப்பட இந்த ஆண்டுகளே போதும். கட்சிக்காரர்களும் அந்தக் கோபத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அதே சமயம், விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் 1969இல் வந்ததும், குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்ற சட்டம் 1971இல் வந்ததும் அந்த வயல்களில் சிந்திய ரத்தத்தால்தான். பண்ணை மனையில் இருந்தவரை எப்போது வேண்டுமானாலும் விரட்டலாம் என்ற நிலை போன பிறகுதான் துண்டு தோளில் நிலைத்தது.

உங்கள் இரண்டாவது கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன். 1964 ஏப்ரலில் தேசியக் குழுவில் இருந்து 32 பேர் வெளியேறினார்கள், நம் என். சங்கரய்யாவும் அதில் ஒருவர். ஒரே ஊரில் இரண்டு சங்கம், இரண்டு கொடிக்கம்பம் என்று ஆனது பலவீனம்தான், மறுக்கவில்லை. ஆனால் குத்தகைதாரர் விலகத் தொடங்கியது அதற்கு முன்பே. பிளவுக்குப் பிறகும் இரண்டு கட்சிகளும் கீழத்தஞ்சையை இழக்கவில்லை. 2024இல்கூட நாகப்பட்டினம் மக்களவைத் தொகுதி இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கும், அதற்கு முன் 2021இல் கீழ்வேளூர் சட்டமன்றத் தொகுதி மார்க்சிஸ்ட் கட்சிக்கும் கிடைத்தன. இரண்டும் கூட்டணியில் கிடைத்தவை என்றாலும், கூட்டணிக் கட்சிகள் எந்தத் தொகுதியை இவர்களுக்கு விட்டுக்கொடுக்கின்றன என்பதைப் பார்த்தாலே சங்கம் எங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது என்று தெரியும்.