விலகி நிற்கும் ஆஸிலேட்டர்கள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

கருங்கல் பக்கத்தில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். சிந்தசைசரில் ஒலி அலையை உருவாக்கும் பகுதிகளான இரண்டு ஆஸிலேட்டர்களையும் ஒரே சுருதியில் வைத்தால் ஒலி மெலிந்து கேட்கிறது. ஒன்றை மட்டும் 7 சென்ட் ஏற்றினால் கனத்து விரிகிறது. ஆனால் அதே ஒலியில் பேஸ் (தாழ்ந்த சுரங்கள்) வாசிக்கும்போது சில சுரங்கள் வலுவிழந்து போகின்றன. பக்கத்தில் ஆர்மோனியம் வாசிக்கும் பெரியவரோ, இது சுருதி விலகல் என்று கண்டிக்கிறார். அவர் சொல்வது சரியா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

பெரியவரின் காதில் பிழையில்லை. விலகல் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 7 சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஏழு பங்கே; அந்த இடைவெளியைக் காது இரண்டு சுரங்களாகப் பிரித்துக் கேட்பதில்லை, ஒரே சுரத்துக்குள் நிகழும் அசைவாகவே கேட்கிறது. பள்ளி ஆய்வகத்தில் இசைக்கவையின் ஒரு புயத்தில் மெழுகு ஒட்டிக் கேட்ட விம்மல்தான் இது.

ஆனால் இசைக்கவையில் ஒலி ஏறி இறங்குவதோடு சரி. சிந்தசைசரின் ரம்பப்பல் வடிவ அலையில் மேற்சுரங்கள் (அடிப்படைச் சுரத்தின் இருமடங்கு, மும்மடங்கு என ஏறும் அதிர்வெண்கள்) அனைத்தும் இருப்பதால் கதை அங்கே முடிவதில்லை. ஒன்றை 440 ஹெர்ட்ஸிலும் மற்றதை 441 ஹெர்ட்ஸிலும் வைத்தால் அடிப்படைச் சுரம் நொடிக்கு ஒருமுறை விம்முகிறது. இரண்டாம் மேற்சுரம் இருமுறை, மூன்றாவது மும்முறை என ஒவ்வொன்றும் தன் வேகத்தில் எழுந்து அடங்குகிறது. இரண்டும் சேர்ந்து புறப்பட்ட அரை நொடியில் ஒற்றைப்படை மேற்சுரங்கள் ஒன்றையொன்று அழித்துவிட, இரட்டைப்படையானவை மட்டும் மிஞ்சி, அந்தக் கணத்தில் ஒலி ஒரு ஸ்தாயி மேலே தாவியதுபோல் கேட்கும். ஹெட்போனில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தபடி கேட்டுப் பாருங்கள். நீங்கள் கனம் என்று சொல்வது, ஒலியின் நிறம் இப்படி ஓயாமல் மாறிக்கொண்டிருப்பதைத்தான்.

சுசீந்திரம் மார்கழித் திருவிழாவில் இரண்டு நாதஸ்வரங்கள் சேர்ந்து வாசிக்கும்போது மூச்சும் உதடும் இந்த வேலையைத் தாமாகவே செய்துவிடுகின்றன. 1970-இல் வந்த மினிமூக் சிந்தசைசரின் மூன்று ஆஸிலேட்டர்களும் சூட்டுக்கேற்ப நகர்ந்தன. வாசித்தவர்களுக்கு அது தொல்லை, கேட்டவர்களுக்கு இன்பம். டிஜிட்டல் ஆஸிலேட்டரோ நாம் நகர்த்தாமல் நகராது. அதனால்தான் 1996-இல் வந்த ரோலண்ட் ஜேபி-8000 சிந்தசைசர், ஏழு ரம்பப்பல் அலைகளை வேண்டுமென்றே பிரித்து வைத்தது.

பேஸ் சிக்கலுக்குக் காரணமும் இதே கணக்குதான். 440 ஹெர்ட்ஸில் 7 சென்ட் என்பது ஏறத்தாழ 1.8 ஹெர்ட்ஸ், 55 ஹெர்ட்ஸில் அது 0.22 ஹெர்ட்ஸாகச் சுருங்கிவிடுவதால் ஒரு விம்மல் முடிய நாலரை நொடி ஆகிறது. இரண்டு அலைகளும் எதிரெதிராக நிற்கும் நேரத்தில் நீங்கள் தட்டும் குறுகிய சுரத்தில் அடிப்படைச் சுரமே எழுவதில்லை. பேஸுக்கு ஒரே ஆஸிலேட்டர் போதும். இரண்டுதான் வேண்டுமென்றால், ஒவ்வொரு அழுத்தலுக்கும் இரண்டு அலைகளும் ஒரே இடத்திலிருந்து தொடங்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவரின் குறைக்கு நீங்கள் செய்ததே காரணமாக இருக்கலாம். ஒன்றை மட்டும் 7 சென்ட் ஏற்றியதால் ஒலியின் நடுப்புள்ளியும் 3.5 சென்ட் ஏறிவிட்டது. அது ஆர்மோனியத்தோடு உரசும். ஒன்றை 3.5 ஏற்றி, மற்றதை 3.5 இறக்குங்கள். பிறகு அவர் அருகில் அமர்ந்து நீண்ட சுரம் ஒன்றைப் பிடிக்கட்டும்.