பழைய காரின் உள்ளே தேய்ந்துபோன பிளாஸ்டிக் பேனல்களை வீட்டிலேயே புதுப்பிக்க முடியுமா?

முடியும். நான் இரண்டு முறை செய்திருக்கிறேன். முதல் முறை கெடுத்தேன், இரண்டாம் முறை ஓரளவு தேறியது.

கேள்வி கேட்டவர் தன் கார் பதினைந்து வயதுக்காரன் என்கிறார். கதவில் இருக்கும் சுவிட்ச் பேனல் கையில் ஒட்டுகிறது, கியர் பக்கத்துக் கன்சோல் முழுக்கக் கீறல், கதவின் உள்பக்க மூடியான டோர் பேட் வெளிறிவிட்டது. நல்ல கறுப்பு ஸ்ப்ரே கேன் ஒன்று வாங்கி எல்லாவற்றையும் ஒரேயடியாக அடித்துவிடலாமா என்று கேட்கிறார். நானும் முதல் முறை இதைத்தான் செய்தேன், அதனால் அந்தக் கதையையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

டிரைவர் பக்கத்துச் சுவிட்ச் பேனலைக் கழற்றினேன். ஈரத்துணியால் துடைத்தேன், வாட்டர் பேப்பரால், அதாவது தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளால், பேருக்கு நாலு இழு இழுத்தேன், கறுப்பு அடித்தேன். அன்று சாயங்காலம் பார்க்கப் புது பேனல் மாதிரியே இருந்தது. ஒரு மாதம் கூட ஆகவில்லை, மோதிரம் உரசும் ஓரத்தில் சின்னதாக ஒரு இடம் தூக்கிக்கொண்டது. கை சும்மா இருக்குமா? நகத்தை விட்டு இழுத்தேன். வெயில் பட்டு உரியும் தோல் மாதிரி ஒரே பட்டையாக, சுவிட்ச் ஓட்டையின் வடிவத்தோடு வந்துவிட்டது. அடியில் இருந்த பழைய பிளாஸ்டிக்கில் பெயின்டின் சுவடே இல்லை. பெயின்ட் எதன் மேலும் ஒட்டவே இல்லை, சும்மா போர்வை போல மூடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

காரணம் இரண்டு. அந்த பேனல் பெயின்ட் எளிதில் பிடிக்காத வகைப் பிளாஸ்டிக். அதோடு, பளபளப்புக்காக வருஷக்கணக்கில் நானே பூசிவந்த டேஷ்போர்டு பாலிஷ். இரண்டுமே அப்போது எனக்குத் தெரியாது.

அதனால் பெயின்ட் கேனைத் தொடுவதற்கு முன், தேய்ந்திருப்பது எது என்று பாருங்கள். மேலே படிந்த அழுக்கா, பிளாஸ்டிக்கின் மேல் கம்பெனி பூசிய பூச்சா, பிளாஸ்டிக்கே தானா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

அழுக்கை முதலில் முடித்துவிடுங்கள். பாத்திரம் கழுவும் லிக்விட், வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு பழைய டூத் பிரஷ் போதும். பிளாஸ்டிக்கின் சொரசொரப்பில் இருக்கும் சின்னச் சின்னக் குழிகளில் கை எண்ணெயும் தூசியும் சேர்ந்து சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். நாம் அதை வெளிறிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். என் காரில் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று நான் எழுதி வைத்திருந்த பட்டியலில் பாதி பேனல்கள் இந்தக் குளியலிலேயே தேறிவிட்டன. உண்மையிலேயே வெயிலில் வெளிறியவை பெரும்பாலும் கதவின் மேல் விளிம்புகள்தான். முன் கண்ணாடி நடுவில் பிளாஸ்டிக் ஷீட் வைத்து ஒட்டப்பட்ட இரட்டைக் கண்ணாடி, புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுசாகத் தடுத்துவிடும். பக்கவாட்டுக் கண்ணாடிகள் பல கார்களில் அவ்வளவு தடுப்பதில்லை.

அடுத்தது பிசுபிசுப்பு. இதில்தான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். தொட மென்மையாக, ரப்பர் மாதிரி இருக்கட்டும் என்று சில பேனல்களின் மேல் பாலியூரித்தேன் வகைப் பூச்சு ஒன்றைப் பூசியிருப்பார்கள். காற்றின் ஈரம் வருஷக்கணக்கில் உள்ளே இறங்கி அதன் கட்டமைப்பை உடைத்துவிடும். சூடும் கை வியர்வையும் அதை இன்னும் வேகப்படுத்தும். ஆக, உங்கள் கையில் ஒட்டுவது அழுக்கு இல்லை, பூச்சே அழுகிக்கொண்டிருக்கிறது. சோப்பு போட்டால் போகாது, பவுடர் தூவினால் ஒரு நாள் அடங்கியிருக்கும். அதன் மேலே பெயின்ட் அடித்தால், சேற்றின் மேல் சிமென்ட் பூசிய கதைதான். முழுசாக எடுத்தே ஆக வேண்டும்.

எடுக்க நான் பயன்படுத்தியது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். பனியன் துணியை அதில் நன்றாக நனைத்து பேனலின் மேல் போர்த்திவிடுங்கள், ஐந்து நிமிஷம் அப்படியே கிடக்கட்டும். அப்புறம் அழுத்தித் தேய்த்தால், ரப்பரால் பென்சில் கோட்டை அழிக்கும்போது உருளுமே, அதே மாதிரி கறுப்புத் துணுக்குகளாகச் சுருண்டு வரும். துணி சீக்கிரமே கறுத்துவிடும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாற்றாமல் தேய்த்தால் எடுத்த பசையையே திரும்பப் பூசுவீர்கள். மூலைகளுக்கு டூத் பிரஷ். ஒரு சுவிட்ச் பேனலுக்கே எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. காற்றோட்டமான இடம், கையுறை, பக்கத்தில் நெருப்பு கூடாது.

வேலை மெதுவாக நடக்கிறதே என்று தின்னரையோ அசிட்டோனையோ எடுத்துவிடாதீர்கள். கார் உள் பேனல்களில் சகஜமாக வரும் ஏபிஎஸ் (ABS) என்ற பிளாஸ்டிக்கை அசிட்டோன் கரைத்தே விடும். பெட்ரோலும் வேண்டாம், உடனே ஒன்றும் தெரியாது, பிறகு ஸ்குரூ இறுகும் இடங்களில் விரிசல் விடும்.

பூச்சு முழுசாகப் போன பிறகு அடியில் இருப்பதைப் பார்த்தால் பல நேரம் அதுவே நல்ல, சாதாரணக் கறுப்புப் பிளாஸ்டிக்காக இருக்கும். என் கன்சோலை அப்படியே விட்டுவிட்டேன், பெயின்டே அடிக்கவில்லை. இன்றுவரை அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: இரவில் எழுத்து ஒளிரும் பொத்தான்களை இப்படித் தேய்க்காதீர்கள். அவை வெளிச்சம் புகும் வெள்ளைப் பிளாஸ்டிக். மேலே கறுப்புப் பூச்சு பூசி, படம் இருக்கும் இடத்தை மட்டும் லேசரால் சுரண்டியிருப்பார்கள். பூச்சு போனால் படமும் போய்விடும். நான் ஆர்வக்கோளாறில் ஜன்னல் லாக் பொத்தானைத் தேய்த்துவிட்டு, அது இரவில் குட்டி பல்ப் மாதிரி எரிவதைப் பார்த்துக்கொண்டே ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

சரி, பிளாஸ்டிக்கே கீறி வெளிறிப் போயிருந்தால் பெயின்ட்தான். பேனலைக் கழற்றித்தான் அடிக்க வேண்டும். காருக்குள்ளேயே டேப் ஒட்டி அடிப்பது உருப்படாத வேலை.

கழற்றுவதற்கு முன் ஏர்பேக் விஷயம். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, உங்கள் காரின் கையேட்டில் சொல்லியிருக்கும் நேரம் வரை காத்திருங்கள். வயரைக் கழற்றிய பிறகும் ஏர்பேக் யூனிட்டில் கொஞ்ச நேரம் மின்சாரம் தேங்கியிருக்கும். பக்கவாட்டுக் கண்ணாடியை மறைத்துத் திரை போல விரியும் கர்ட்டன் ஏர்பேக் உள்ள கார்களில் கண்ணாடிக்குப் பக்கத்துத் தூண் மூடிகளுக்கு அடியிலும் அது போகும், அவற்றைக் கண்டபடி நெம்பாதீர்கள். ஸ்டியரிங் நடுமூடி, டேஷ்போர்டில் ஏர்பேக் வெளிவரும் மூடி போன்றவற்றின் மேல் பெயின்டோ, பள்ளத்தை நிரப்பும் ஃபில்லரோ, ஒட்டும் ஷீட்டோ எதுவும் ஏறக்கூடாது. அந்த மூடி குறிப்பிட்ட கோட்டில் கிழிந்து திறக்கும்படி செய்யப்பட்டது. அது வெளிறியிருந்தால் வெளிறியே இருக்கட்டும்.

கிளிப்புகள் உடையும். பழைய கிளிப்பில் எப்படியும் இரண்டு மூன்று போகும், அதனால் மாற்று கிளிப் வாங்கி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். திருப்புளியால் நெம்பினால் தழும்பு விழும், பிளாஸ்டிக் நெம்புகோல் செட் நல்லது. பேனல் வர மறுத்தால் பலத்தைக் கூட்டாதீர்கள். கைப்பிடிக் குழிக்குள்ளோ, குட்டி மூடிக்குப் பின்னாலோ ஒரு ஸ்குரூ ஒளிந்திருக்கும்.

கழற்றியதும் பின்பக்கத்தைப் பாருங்கள். என்ன பிளாஸ்டிக் என்று பெரும்பாலும் அச்சிலேயே பொறித்திருப்பார்கள். ஏபிஎஸ், அல்லது பிசி (PC, பாலிகார்பனேட்) கலந்த ஏபிஎஸ் என்றால் நிம்மதி, பெயின்ட் பிடிக்கும். பிபி (PP), அதாவது பாலிபுரொப்பிலீன் என்றால் சாதாரணப் பிரைமர் நிற்காது. அது மெழுகு மாதிரியான ஜாதி, எதையும் ஒட்டவிடாது. என் சுவிட்ச் பேனல் இந்த வகைதான். இதற்கு அட்ஹீஷன் புரமோட்டர் என்று தனியாக ஒரு ஸ்ப்ரே உண்டு. பிளாஸ்டிக் பிரைமர் என்று எழுதியதெல்லாம் அது ஆகிவிடாது, பாலிபுரொப்பிலீனுக்கு ஆகும் என்று கேனிலேயே போட்டிருக்கிறதா பாருங்கள். மெல்லிசாக ஒரு கை அடித்து, கேனில் சொன்ன நேர இடைவெளிக்குள் மேல் பெயின்ட் ஏற வேண்டும். முழுக்கக் காயட்டும் என்று மறுநாள் வரை விட்டால் பலன் போய்விடும். பின்னால் எழுத்து இல்லை என்றால் துணுக்கு ஒன்றை வெட்டித் தண்ணீரில் போடுவார்கள்: பிபி மிதக்கும், ஏபிஎஸ் முழுகும். ஆனால் பிபியோடு டால்க் தூள் கலந்து வார்ப்பது சகஜம், டால்க் கூடினால் அதுவும் முழுகிவிடும். மிதந்தால் நம்பலாம், முழுகினால் நம்பக்கூடாது.

இப்போது அந்தப் பாலிஷ். டேஷ்போர்டைப் பளபளக்க வைக்கும் பாலிஷ்களில் பலவற்றில் சிலிகான் இருக்கிறது. அது மிச்சம் இருக்கும் இடத்தில் பெயின்ட் விலகிக்கொண்டு மீன் கண் மாதிரி வட்ட வட்டமாகக் குழி விழும். சோப்பு மட்டும் போதாது, ஆல்கஹாலும் அதை முழுசாக எடுக்காது. பெயின்டுக்கு முன் துடைக்கவென்றே மெழுகு, கிரீஸ் நீக்கும் திரவம் கிடைக்கும். ஒரு துணியில் அதை நனைத்துத் துடைத்து, காய்வதற்குள் இன்னொரு காய்ந்த துணியால் வாங்க வேண்டும். இது உப்புத்தாள் போடுவதற்கு முன்னால் நடக்க வேண்டிய வேலை. முதலில் தேய்த்தீர்களானால் சிலிகானைக் கீறல்களுக்குள் நீங்களே தேய்த்து இறக்கியதாகிவிடும். தேய்த்த பிறகு மறுபடி ஒரு முறை துடைக்கவும்.

எனக்குத் தெரிந்த பெயின்டர் அண்ணன் ஒருவரிடம் உரிந்த பட்டையைக் காட்டினேன். "தண்ணிய ஊத்திப் பாத்தியாடா?" என்றார். கழுவிய பேனலில் தண்ணீர் ஊற்றினால் தாளாகப் படர வேண்டும். முத்து முத்தாக உருண்டால் இன்னும் எண்ணெய் இருக்கிறது. ஏபிஎஸ்ஸுக்கு இது அருமையான சோதனை. பிபியில் சுத்தமாக இருந்தாலும் தண்ணீர் கொஞ்சம் உருளத்தான் செய்யும், அங்கே இதை வைத்துக் குழம்ப வேண்டாம்.

தேய்ப்பதில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். வழவழப்பான பேனல் என்றால் 400, 600, 800 என்று (எண் கூடக் கூடத் தாள் நுண்ணியது) வாட்டர் பேப்பரைத் தண்ணீரோடு போட்டுக் கீறலை இறக்கலாம். தோல் மாதிரி சொரசொரப்பு வார்த்த பேனலில் அப்படிச் செய்தால் சொரசொரப்பு போய், அந்த இடம் மட்டும் வழுக்கையாகத் தெரியும். ஃபில்லர் போட்டாலும் அதே வழுக்கைதான். அங்கே பாத்திரம் தேய்க்கும் நார் மாதிரி இருக்கும் சாம்பல் நிற ஸ்கஃப் பேடால் பளபளப்பு மங்கும் அளவுக்குத் தேய்த்தால் போதும், ஆழமான கீறல் இருந்துவிட்டுப் போகட்டும். சகிக்க முடியாத கீறல் என்றால் அதே மாடல் காரின் பழைய பேனல் ஒன்றைத் தேடிப் பிடிப்பது ஃபில்லரோடு மல்லுக்கட்டுவதைவிட மேல். பிபியை வறட்டுத் தாளால் தேய்த்தால் பஞ்சு மாதிரி மயிர் கிளம்பும், அதைக் கண்டு மேலும் தேய்க்காதீர்கள், நுண்ணிய தாளும் தண்ணீரும் போதும்.

பேனலை மாட்டும் பின்பக்கக் காது உடைந்திருந்தால் ஏபிஎஸ்ஸில் ஒரு வேடிக்கையான வழி இருக்கிறது. ஏபிஎஸ் துணுக்குகளை அசிட்டோனில் ஊறப்போட்டால் கஞ்சியாகிவிடும், அதையே பசையாக வைத்து உடைந்ததை ஒட்டலாம். துணுக்குக்கு லெகோ கட்டைகூட ஆகும், அதுவும் ஏபிஎஸ்தான். வீட்டில் குழந்தை இருந்தால் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பிபிக்கு இது நடக்காது, சூட்டில் உருக்கி ஒட்டுவதுதான் வழக்கம்.

அடிப்பது இவ்வளவுக்கும் பிறகு சின்ன வேலை. கேனை நன்றாகக் குலுக்கி, ஒரு சாண் தூரத்தில் பிடித்து, பேனலுக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து மறுபக்கம் வெளியே போய் விடுங்கள். முதல் கை தூசி படிந்த மாதிரி இருந்தால் போதும், அடிப்பிளாஸ்டிக் தெரியட்டும். ஒரே கையில் மூடிவிடலாம் என்ற ஆசைதான் வழிசலுக்குக் காரணம், சொரசொரப்பின் குழிகளும் அதனால்தான் அடைபடும். மெல்லிசாக மூன்று நான்கு கை, நடுவில் பத்து நிமிஷம். மழை ஈரம் உள்ள நாளில் அடித்தால் வெள்ளையாகப் பூத்துப் போகலாம். அதற்கென்றே வரும் வினைல், பிளாஸ்டிக் பெயின்ட் வளைந்து கொடுக்கும், வெளி பாடி பெயின்டைவிட உள்ளே இதுதான் பொருத்தம்.

கறுப்பில் ஆயிரம் கறுப்பு. நிறத்தைவிடப் பளபளப்பு அளவுதான் காட்டிக்கொடுக்கும். வெயில் படாத அடிப்பகுதியை வைத்து ஒப்பிடுங்கள். பெரும்பாலும் பளபளப்பே இல்லாத மேட், மிஞ்சினால் லேசாக மினுங்கும் சாட்டின். டேஷ்போர்டின் மேல்பக்கம் பளபளத்தால் முன் கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசும், அது அழகுப் பிரச்சினை இல்லை. இறுக வைக்கும் ஹார்டனர் கலந்து, பெயின்டின் மேல் நிறமில்லாமல் அடிக்கும் கிளியர் கோட்டை வீட்டில் தொடாதீர்கள். அதில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, சாதாரணத் தூசி மாஸ்க் அதைத் தடுக்காது.

தொட்டால் ஒட்டாமல் இருப்பதும் முழுசாகக் காய்வதும் ஒன்றில்லை. ஒரு மணி நேரத்தில் கையில் ஒட்டாது, ஆனால் கெட்டிப்பட ஒரு வாரம் விடுவது நல்லது. இரண்டாம் முறை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்த நான் இந்த இடத்தில் கோட்டை விட்டேன். பேனல் இல்லாத கதவோடு ஓட்டக் கூச்சப்பட்டு, மறுநாளே எடுத்து மாட்டி, கிளிப் உட்காரட்டும் என்று பெருவிரலால் ஓங்கி அழுத்தினேன். அந்தப் பெயின்ட் மூன்று வருஷமாக உரியவில்லை. சுவிட்ச் பக்கத்தில் சாய்வாக வெளிச்சம் விழும்போது என் ரேகை மட்டும் தெளிவாகத் தெரியும்.