தடிப்பு பெரிதாக வந்தால் டெங்கு வருமா?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "என் 4 வயது மகளை ஒரு கொசு கடித்தாலே கை வீங்கிவிடுகிறது. மாமியாருக்குத் தடிப்புகூட வருவதில்லை. மகளுக்குத்தான் டெங்கு வர வாய்ப்பு அதிகமா? கடித்த இடத்தை உடனே சோப்பு போட்டுக் கழுவினால் போதுமா?"

இரண்டுக்குமே இல்லை என்பதுதான் பதில். வீங்க வைப்பது கொசுவின் எச்சில். பெண் கொசு ஊசி போன்ற வாயைத் தோலுக்குள் இறக்கி ரத்தக்குழாயைத் தேடும்போதே எச்சிலை விட ஆரம்பித்துவிடும். காயம் பட்டால் நம் உடம்பு குழாயைச் சுருக்கும், பிளேட்லெட்டுகளைத் திரட்டும், ரத்தத்தை உறைய வைக்கும். எச்சிலில் உள்ள புரதங்கள் இந்த மூன்று வேலையையும் கெடுக்கின்றன. உதாரணத்துக்கு, அபிரேஸ் என்ற நொதி பிளேட்லெட்டுகளை ஒன்று சேர விடாமல் செய்துவிடும். நினைக்க நினைக்க ஆச்சரியமான ஏற்பாடு இது.

இந்தப் புரதங்கள் உங்கள் மகளின் உடம்புக்குப் புதிது. அதனால்தான் அவ்வளவு வீக்கம், அரிப்பு. பல வருடம் கடிபட்ட உடம்பு மெல்லப் பழகிவிடும். மாமியாருக்கு நடந்திருப்பது அதுவாக இருக்கலாம். வீக்கத்தின் மேல் ஈரத்துணியில் சுற்றிய ஐஸை வையுங்கள், நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

டெங்கு வைரஸும் இதே எச்சிலில்தான் வருகிறது. ஆனால் தடிப்பின் அளவுக்கும் டெங்குவுக்கும் தொடர்பில்லை, கடித்த கொசுவிடம் வைரஸ் இருக்கிறதா என்பதுதான் கணக்கு. நோயாளியின் ரத்தத்தோடு கொசுவின் வயிற்றுக்குள் போகும் வைரஸ் பெருகி, எச்சில் சுரப்பிக்கு வந்து சேரச் சுமார் 8 முதல் 12 நாள் ஆகும். அப்புறம் சாகும்வரை அந்தக் கொசு வைரஸைச் சுமக்கும். ரத்தம் குடிக்காமல் குத்திப் பார்த்துவிட்டுப் பறந்தாலும் வைரஸ் உள்ளே போய்விடலாம். தோலுக்கு அடியில் இறங்கியதைச் சோப்பு எப்படி எடுக்கும்? பிதுக்கினாலும் வராது.

கடிபடாமல் இருப்பதுதான் முக்கியமான வழி. டெங்கு கொசு பகலில் கடிப்பது, அதிலும் காலையிலும் சாயங்காலத்திலும் அதிகம். மதியம் தூங்கும் குழந்தைக்கும் வலை கட்டுங்கள். சம்ப் (தரைக்கு அடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி) மூடி சரியாகப் பொருந்துகிறதா, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டில் தண்ணீர் நிற்கிறதா என்று வாரம் ஒரு தடவை பாருங்கள். 1883இல் உங்கள் ஊரில் ராணுவ மருத்துவராக இருந்த ரொனால்ட் ராஸ், ஜன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்ப் பீப்பாயில் கொசுப்புழுக்களைப் பார்த்தார், அதைக் கவிழ்த்ததும் கொசு குறைந்தது. கொசுவின் எச்சில் சுரப்பியில் மலேரியா கிருமியை 1898இல் கல்கத்தாவில் கண்டவரும் அவரே.

காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் கூடாது. முதல் 5 நாளுக்குள், டெங்கு வைரஸின் புரதத்தை ரத்தத்தில் தேடும் என்எஸ்1 பரிசோதனை செய்யலாம். வயிற்றுவலி, விடாத வாந்தி, ரத்தக்கசிவு, சோர்ந்து கிடப்பது, இதில் எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மகளுக்குத் தடவும் கொசுக் களிம்பை மாமியாருக்கும் தடவிவிடுங்கள். தடிப்பு வராததால், கடித்ததே அவருக்குத் தெரியாமல் போகலாம்.