ஆட்டத்துக்குள் நுழையத் தெரியாத பிள்ளை

கேள்வி: என் மகனுக்கு நாலு வயது. பால்வாடியில் மற்ற பிள்ளைகள் மணலில் சிப்பி அடுக்கி விளையாடினால் வெகுநேரம் ஓரமாக நின்று பார்க்கிறான். திடீரென்று பாய்ந்து எல்லாவற்றையும் கலைத்துவிட்டு ஓடுகிறான். அப்பா கடலுக்குப் போய்விடுகிறார், நீ செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய் என்கிறார் மாமியார்.
– ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: செல்லத்தின் மேல் பழி போட வேண்டாம் சகோதரி. நின்று பார்ப்பதும் குறையில்லை. 1932-இல் மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் சிறு பிள்ளைகளின் விளையாட்டை வகை பிரித்தபோது, வேடிக்கை பார்ப்பதையும் ஒரு வகையாகச் சேர்த்தார். சிக்கல், பார்ப்பதற்கும் பாய்வதற்கும் நடுவில்.

அந்த நடுவைத்தான் 1994-இல் நிக்கி கிரிக், கென்னத் டாட்ஜ் என்ற இரு உளவியலாளர்கள் ஆறு படிகளாகப் பிரித்தார்கள்: கவனிப்பது, அர்த்தம் எடுத்துக்கொள்வது, தனக்கு என்ன வேண்டும் என்று தீர்மானிப்பது, அதற்கான வழிகளை யோசிப்பது, ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, செய்வது. எல்லாம் கண நேரத்தில் நடந்துவிடும். உங்கள் பிள்ளை எந்தப் படியில் தடுக்குகிறான் என்று பாருங்கள். மூன்று நாள், பத்துப் பத்து நிமிடம் தள்ளி நின்று கவனித்தால் போதும். யாராவது சிரித்ததும், கை பட்டதும் பாய்கிறான் என்றால், தற்செயலை வம்பாக எடுத்துக்கொள்கிறான். அது இரண்டாம் படி. ஒன்றுமே நடக்காமல் கலைத்துவிட்டு, ஓடும்போது திரும்பிப் பார்க்கிறானா? அப்படியானால் யாராவது துரத்த வேண்டும் என்பதே அவன் ஆசை. சேர விரும்புகிறான், வழி தெரியவில்லை. கடிதத்தைப் படித்தால் இந்த நாலாம் படிதான் என்று தோன்றுகிறது.

வழியை வீட்டில் பழக்குங்கள். நீங்களே இன்னொரு பிள்ளையாக உட்காருங்கள். அவன் கையில் தனியாக ஒரு பிடி சிப்பி. ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து நீங்கள் செய்வதையே அவனும் செய்யட்டும். கொஞ்சம் பொறுத்து, “இந்தா, இதையும் வை” என்று ஒரு சிப்பியை நீட்டட்டும். தினம் ஐந்து நிமிடம். “என்னையும் ஆட்டைக்குச் சேத்துக்கிறியா?” என்று கேட்கச் சொல்லித்தான் பலரும் அனுப்புகிறார்கள். அந்தக் கேள்விக்கு “மாட்டோம்” என்பது மிகச் சுலபமான பதில். நன்றாகப் பழகும் பிள்ளையையே முதல் தடவை சேர்க்காமல் விடுவதுண்டு. அதனால் நீங்களும் சில நேரம் “வேண்டாம்” சொல்லி, இன்னொரு சிப்பி நீட்டப் பழக்குங்கள்.

அடித்து அழுத கையோடு பாடம் நடத்தாதீர்கள். கோபமும் பயமும் ஆறு படிகளையும் கலைத்துவிடும். பால்வாடியிலும் முதலில் ஒரே ஒரு பிள்ளையோடு உட்கார வைக்கச் சொல்லுங்கள். ஐந்து பேர் கூட்டம் பிறகு. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமல் இருந்தாலோ, பேச்சு பின்தங்கியிருந்தாலோ மட்டும் இதற்கெல்லாம் முன்பே டாக்டரிடம் காட்டிக் காதைப் பரிசோதியுங்கள்.