சீம்பால் டப்பாவில் இருப்பது எந்தக் கறவை?

இணையத்தில் 60 கேப்சூல் கொண்ட சீம்பால் டப்பா 1,500 ரூபாய்க்கு வாங்கினேன். ‘கன்று ஈன்ற 72 மணி நேரத்துக்குள் எடுத்தது’ என்று போட்டிருக்கிறது. தரமானதுதானா? (உச்சிப்புளி)

72 மணி நேரம் பெருமைப்படும் கணக்கே இல்லை. சீம்பாலின் மதிப்பு ஐஜிஜி என்ற நோய் எதிர்ப்புப் புரதத்தில் இருக்கிறது. அது கன்று போடுவதற்கு முன்பே மடியில் சேர்ந்துவிடும்; போட்டபின் சுரக்கும் புதுப்பால் மணிக்கு மணி அதை நீர்க்கச் செய்யும். முதல் கறவையில் லிட்டருக்கு 50 கிராம் ஐஜிஜி இருந்தால் நல்ல சீம்பால். மூன்றாம் கறவையில் அது பாதிக்கும் கீழே போய்விடும். சாதாரணப் பாலில் ஒரு கிராம்கூடத் தேறாது. ஆக, மூன்றாம் நாள் பாலை உலர்த்தினாலும் டப்பாவில் ‘சீம்பால்’ என்றுதான் இருக்கும்.

எனக்கு எரிச்சலே இங்குதான். ‘சீம்பால் 500 மி.கி.’ என்று கொட்டை எழுத்தில் அடிப்பவர்கள், ஐஜிஜி எத்தனை சதவீதம் என்பதை மட்டும் விழுங்கிவிடுவார்கள். 20 சதவீதம் என்றே வையுங்கள், ஒரு கேப்சூலில் 100 மி.கி.தான். பெரியவர்களிடம் செய்த ஆய்வுகளில் பெரும்பாலும் நாளுக்குச் சீம்பால் பொடியே 10 கிராமும் அதற்கு மேலும் கொடுத்தார்கள். கேப்சூலுக்கு 500 மி.கி. என்றால், அந்த அளவுக்கு உங்கள் டப்பா மூன்றே நாளில் காலி. கொடுத்தாலும் பெரியவர்கள் குடலில் அந்தப் புரதம் ரத்தத்தில் ஏறாது. குடலுக்குள்தான் வேலை செய்யும். சதவீதம், எத்தனையாவது கறவை, எந்தச் சூட்டில் பதப்படுத்தினார்கள் என மூன்றையும் கேளுங்கள். 60 டிகிரியில் ஒரு மணி நேரம் ஐஜிஜி தாங்கும். அதற்கு மேல் போகப் போகக் கெடும். பதில் வராத டப்பா ஒன்று என் அலமாரியிலும் தூங்குகிறது.

கடையில் வாங்கிய சீம்பால் துண்டைச் சூடாக்கினால் உருகி ஓடுகிறது. (கீழக்கரை)

கடல்பாசி காய்ச்சத் தெரிந்த ஊரிலிருந்து இந்தக் கேள்வியா? பாலில் கடல்பாசியைக் காய்ச்சி ஊற்றி ஆறவைத்திருக்கிறார்கள். அசல் சீம்பால் சூட்டில்தான் உறையும். மறுபடி சூடாக்கினால் இன்னும் இறுகுமே ஒழிய உருகாது. அடுத்த முறை பாலாகவே வாங்குங்கள். முதல் கறவை ஒரு பங்குக்குச் சாதாரணப் பால் ஒரு பங்கு, வெல்லம், ஏலக்காய் சேர்த்து இட்லிப் பானையில் வேகவைத்தால் கத்தியில் வெட்டும்படி நிற்கும். நிற்காவிட்டால் உங்களுக்கு வந்தது பிந்திய கறவை.

சர்க்கரை நோய் தீரும் என்று சொல்லி அப்பாவிடம் 12,000 ரூபாய்க்குச் சீம்பால் பொடி விற்றுவிட்டார்கள். மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார்களாம். (தொண்டி)

முதலில் அப்பாவை இன்றே மருத்துவரிடம் அழைத்துப் போய் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். அவரைத் திட்டாதீர்கள், வீட்டுத் திண்ணைவரை வந்து, ‘ஐயா, ஐயா’ என்று பேசி விற்பவர்களிடம் படித்தவர்களும் விழுகிறார்கள். சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று மருந்து விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. பில், டப்பா, துண்டறிக்கை, வாட்ஸ்அப் செய்தி, பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். பணம் திரும்பாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். டப்பாவில் 14 இலக்க உணவு உரிம எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் ஒரு புகார்.

முதல் கறவையை மொத்தமாக எடுத்துக்கொள்வதாக வியாபாரி சொல்கிறார். விற்கலாமா? (மண்டபம்)

கன்றுக்குப் போக மிஞ்சினால் விற்கலாம். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர் வேண்டும். பாதியை இரண்டு மணி நேரத்துக்குள், மீதியைப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் கொடுங்கள். ஒரு நாள் கழிந்தால் கன்றின் குடலும் அந்தப் புரதத்தை உள்ளே விடாது.

பொடி டப்பாவைத் திறந்து அடுப்பங்கரை ஜன்னலில் வைத்திருந்தேன், கட்டி தட்டிவிட்டது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். (தேவிபட்டினம்)

சரியாகத்தான் மறுத்திருக்கிறார். கொட்டிவிடுங்கள்.